ஆறு வோல்ட் விளக்கு

ஜூன் 3

மாமாவுக்கு,

நானும் சுண்டுவும் நலம். அத்தை இறந்த அன்று உங்களை வாசலில் பார்த்ததுதான். அதற்கு இரண்டு வருஷம் ஆகிறது. கடிதம் என்று எழுதி நாலு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் எடுத்து "சொல்லும்மா" என்றால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்தப் பச்சை நிற அவுட்போர்டு மோட்டார், படகின் பின்னால் மாட்டுவது, நினைவிருக்கிறதா? நீங்கள் வாங்கும்போதே அதற்கு ஐம்பது வயது. உங்கள் மகன் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அது என் மோட்டார் பட்டறை மூலையில் கிடந்தது. சும்மா கிடப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். இந்த வருஷம் பிரித்து மேய்ந்துவிட்டேன். பிஸ்டன் வளையங்கள் மாற்றினேன், தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் மாற்றினேன், கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன். ஆறாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இப்போது தினமும் அதில்தான் ஏரியைத் தாண்டுகிறேன். சுண்டுவின் பள்ளிக்கூடம் அக்கரையில். பட்டறையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிவரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது.

ஏரி அலுவலகத்தில் புது உத்தரவு. சூரியன் மறைந்தபின் தண்ணீரில் இருக்கும் படகு எதுவானாலும் விளக்கு இருக்க வேண்டும். கடையில் விற்கும் பேட்டரி விளக்கை வாங்கி மோட்டார் மூடியில் கவ்வ வைத்தேன். மோட்டார் ஆடுகிற ஆட்டத்தில் இரண்டாம் நாளே அது ஏரிக்குள் குதித்துவிட்டது. அடுத்ததையும் வாங்கிக் கட்டலாம். ஆனால் அந்த மோட்டாரின் பழைய கையேட்டில் ஒரு படம் இருக்கிறது. மூடியின் உச்சியில் முட்டையைப் பாதியாக வெட்டி வைத்தது போல ஒரு விளக்கு. கீழே 'விரும்பினால் தனியே வாங்கிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. மூடியைத் துடைத்துப் பார்த்தால், அதைப் பூட்டுவதற்கான இரண்டு துளைகள் திருகாணி போட்டு அடைத்தபடி அப்படியே இருக்கின்றன. உள்ளே சுழலும் ஃப்ளைவீலுக்கு அடியில், விளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள், அதாவது காயில், உட்காரும் இடம் காலியாக இருக்கிறது. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பதற்காக அந்த இடம் மூடிக்கொண்டுவிடவில்லை.

காயிலை நான் சுற்றிக்கொள்வேன். விளக்கை என்னால் செய்ய முடியாது. அந்தக் காலத்து உருவத்தில், அந்த மோட்டாரோடு பிறந்தது போல ஒரு விளக்கு செய்யத் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முப்பத்தொரு வருஷம் ரயில்வே விளக்குப் பட்டறையில் இருந்தவர். முடியுமா, முடியாதா என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

*

ஜூன் 10

அன்புள்ள மருமகளுக்கு,

முடியும்.

இதோடு நிறுத்தினால் நீ கேட்டதற்குப் பதில் ஆகிவிடும். ஆனால் தபால்காரர் உன் எழுத்து உள்ள உறையைக் கொடுத்தபோது, வேறு யாருக்கோ வந்ததை என்னிடம் தருகிறார் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் இப்போது பழைய வீட்டில் இல்லை. தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. சமையல் மேடையின் ஒரு பாதியில் அடுப்பு, மறு பாதியில் தகட்டைக் கவ்வும் பட்டறைப் பிடி. சோற்றில் பித்தளைத் தூள் விழுகிறது என்று குறை சொல்ல ஆள் இல்லாததால் வசதியாக இருக்கிறது. வலது கண்ணில் புரை. இடது கண் இருக்கும்வரை வேலை நடக்கும். ரொம்பப் பொடி அளவுகளைத் தையல்காரர் வந்து பார்த்துச் சொல்லுவார். எல்லாவற்றையும் அங்குலத்தில்தான் சொல்வார்.

எனக்குச் சில விவரம் வேண்டும். இரண்டு துளைகளுக்கும் இடையிலான தூரத்தை எண்ணில் எழுதாதே. மூடிமேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அந்தத் தடத்தை அனுப்பு. மூடியின் வளைவுக்கு ஓர் அட்டையை வெட்டி அனுப்பு. கையேட்டுப் படத்தை ஒற்றி எடுத்து அனுப்பு. காயில் எத்தனை வோல்ட் தருகிறது என்று பார். அந்தக் காலத்தில் எல்லாம் ஆறு வோல்ட்.

பித்தளைத் தகட்டில் செய்து நிக்கல் பூச்சு கொடுக்கிறேன். இப்போது வரும் பளபளப்பு பூச்சு அதன்மேல் ஏறினால் வேஷம் கட்டியது போல இருக்கும். நிக்கலில் கொஞ்சம் மஞ்சள் ஓடும், அதுதான் அந்த வயசு. திருகாணியும் ஒற்றைக் கோடு போட்டதுதான். கூட்டல் குறி போட்ட திருகாணி ஒன்றே ஒன்று இருந்தாலும் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான்.

மோட்டாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவள் சுண்டுவைப் பற்றிப் பள்ளிக்கூடம் அக்கரையில் என்பதோடு முடித்துவிட்டாயே. எத்தனாவது படிக்கிறாள்? உயரமா, குட்டையா? அதையும் அட்டையில் வெட்டி அனுப்பச் சொல்ல முடியாது.

மாமா

*

ஜூன் 19

மாமாவுக்கு,

தடமும் அட்டையும் படமும் உள்ளே இருக்கின்றன. படத்தை ஒற்றியது சுண்டு. நாலாவது படிக்கிறாள். என் தோளுக்கு வருகிறாள். வாய் மட்டும் எனக்கு மேலே போகிறது. "தாத்தாவுக்குன்னா நான்தான் வரைவேன்" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவில்லை. நீங்கள் இருமிக்கொண்டே சிரிப்பது நினைவிருக்கிறதாம்.

காயில் சுற்றிப் பொருத்திவிட்டேன். நடுத்தர வேகத்தில் ஆறு வோல்ட் சரியாக வருகிறது. முழு வேகத்தில் ஒன்பதைத் தொடுகிறது. இதுவரை இரண்டு பல்பு போய்விட்டது. என்ன செய்யலாம்?

மோட்டாரைப் பிரித்தபோது மூடியின் உட்பக்கம் உங்கள் மகன் ஆணியால் கீறிய தேதி இருந்தது. எங்கள் கல்யாணத் தேதி. அதைத் தேய்த்து அழிக்கலாமா என்று உப்புத்தாளை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கை எழுதுகிறது. அவர் போன மறுவாரம் நான் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "மாமா, நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்ட கேளுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் கேளுங்க" என்றேன். அத்தை அழுதார்கள். நீங்கள் கையிலிருந்த நாளிதழை மடித்துக்கூட வைக்கவில்லை. "இது உங்க ரெண்டு பேர் விஷயம்மா" என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் பேசியது.

என்னிடம் குறை இருந்ததால்தான் பேசவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மருமகள்

*

ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

பெட்டியைக் கவனமாகப் பிரி. வைக்கோலுக்குள் விளக்கு, அதற்குள் கண்ணாடி.

மரத்தில் அச்சுக் கடைந்து, தகட்டை அதன்மேல் அழுத்தி உருட்டி எடுத்தேன். முதல் தகடு கிழிந்தது. இரண்டாவது கோணியது. மூன்றாவதைச் சூடு காட்டிக் காட்டி மெதுவாக வளைத்தேன். நிக்கல் பூச்சு மட்டும் வெளியே கொடுத்து வாங்கினேன். கண்ணாடியில் கோடு கோடாக வரி இருக்கிறது பார், பழைய சைக்கிள் விளக்கு ஒன்றில் இருந்து எடுத்து, அறுத்து, ஓரம் தேய்த்தது. அதற்கே நாலு நாள்.

பல்பு போவதற்கு வழி சொல்கிறேன். சின்ன பல்பு போட்டால் காயிலுக்கு வேலை போதாது, வோல்ட் ஏறிவிடும். இன்னும் அதிகமாக மின்சாரம் குடிக்கிற பல்பாகப் போடு. வேலை கூடினால் அது தானாக அடங்கும். இன்னொன்று. மோட்டார் நின்றால் விளக்கும் நின்றுவிடும். படகில் எப்போதும் ஒரு டார்ச் வைத்துக்கொள்.

சுண்டு ஒற்றிய படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். விளக்குக்குக் கண்ணும் மூக்கும் போட்டிருக்கிறாள், அதைக் கவனித்தாயா?

நாளிதழைப் பற்றி எழுதியிருந்தாய். மூன்று நாள் பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. இப்போதைக்கு விளக்கை மட்டும் அனுப்புகிறேன்.

மாமா

*

ஜூலை 14

மாமாவுக்கு,

விளக்கு அழகு. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். துளைகள் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. பெரிய பல்பு போட்டதும் வோல்ட்டும் அடங்கிவிட்டது.

ஆனால் உபயோகமில்லை. மனசு சங்கடப்படாமல் கேளுங்கள், தப்பு என்னுடையதும்தான்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினேன். விளக்கு முன்பக்கம் பார்த்து எரிந்தது. மோட்டார் இருப்பது பின்னால், அதற்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் நான். ஆக, என் முதுகுக்கு நல்ல வெளிச்சம். சுண்டு படகின் மூக்கில் உட்கார்ந்து, "அம்மா, உன் நிழல் மேலதான் நாம போறோம்" என்றாள். அது போகட்டும். வலப்பக்கம் திரும்பக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும் இல்லையா, தள்ளியதும் மோட்டாரின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது, விளக்கும் கூடவே. நாங்கள் வலப்பக்கம் போகிறோம், வெளிச்சம் இடப்பக்கம் போகிறது. எதிரே வந்த மீன்காரர் எங்கள் விளக்கைப் பார்த்து நாங்கள் அந்தப் பக்கம் போகிறோம் என்று நினைத்து நேராக எங்கள்மேலேயே வந்துவிட்டார். ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். பதினைந்து வருஷமாக மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

நான் அவசரப்பட்டதற்குக் காரணம் ஏரி அலுவலகம் மட்டும் இல்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் மகன் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். சுண்டுவைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமாம், தான் இருக்கும் நாட்டுக்கு அழைத்துப்போக வேண்டுமாம். 'குழந்தையின் தாய் தினமும் இருட்டில், விளக்கில்லாத படகில், அறுபது வருஷப் பழைய மோட்டாரை நம்பிக் குழந்தையை ஏரியில் கொண்டுபோகிறாள்' என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த வரி, 'சண்டை போட்டு என்னை வீட்டைவிட்டு வெளியேற்றியவள் அவள்தான்.'

முதல் வரிக்கு விளக்கு போட்டுப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது வரிக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஏன் போனார் என்பதே எனக்குத் தெரியாது. வழக்கறிஞர் அம்மா கேட்கிறார், "சாட்சி யாராவது இருக்காங்களா?" மூடிய வீட்டுக்குள் நடந்ததற்கு யார் சாட்சி?

செப்டம்பர் பதினெட்டில் விசாரணை.

மருமகள்

*

ஜூலை 20

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் விளக்கு.

முப்பத்தொரு வருஷம் நான் செய்ததெல்லாம் சிக்னல் விளக்கு. அதை வைத்து யாரும் பாதை பார்ப்பதில்லை. இங்கே ஒன்று இருக்கிறது என்று எதிரே வருகிறவனுக்குத் தெரிவது மட்டும்தான் அதன் வேலை. படகின் பின்னால் இருக்கும் விளக்கும் அந்த ஜாதிதான். அது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். நீ 'பாதி முட்டை' என்று எழுதியதும் கார் விளக்கு போல நினைத்துவிட்டேன். சுண்டுவின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண், மூக்கு போட்டிருப்பதற்குப் பின்னால் கண்ணாடி சுற்றிலும் போகிறது. அது பாதி இல்லை, முழுசு. நாலு பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு. உன் தலைக்குமேல் நிற்கும்படி ஒரு பித்தளைத் தண்டின்மேல் வைத்துச் செய்கிறேன். உன் கண் கூசாமலிருக்க அடியில் ஒரு வட்டத் தட்டு. மோட்டார் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதற்கு ஒன்றுதான்.

இனி மற்றது.

நீ கேட்ட சாட்சி நான்தான்.

அவன் வீட்டைவிட்டுப் போவதற்கு ஆறு மாதம் முன்னால் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். வெளிநாட்டில் வேலை முடிவாகிவிட்டது, அங்கே ஒரு பெண்ணோடு வாழப்போகிறேன், என் மனைவிக்கு இன்னும் தெரியாது, கிளம்பும்வரை நீங்களும் வாய் திறக்காதீர்கள் என்று எழுதியிருந்தான். 'அவ மேல ஒரு குறையும் இல்லப்பா, எனக்குத்தான் இங்க இருக்க முடியல' என்ற வரியும் அதில் இருக்கிறது.

நான் வாய் திறக்கவில்லை. உன் அத்தைக்கும் சொல்லவில்லை. மனசு மாறிவிடுவான் என்று நம்பினேன் என்று இப்போது எழுதலாம். பாதி உண்மை. மீதிப் பாதி, பிள்ளை என்னை நம்பி ஒன்றைச் சொன்னானே என்ற பெருமை. அவன் அதற்கு முன் எதையும் என்னிடம் சொன்னதில்லை.

நீ அன்று வந்து "நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்டபோது பதில் என் அலமாரியில் இருந்தது. நாளிதழைக் கீழே வைத்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாய்.

அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

மாமா

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள மருமகளுக்கு,

நாலு வாரம் ஆகிறது. நீ எழுதவில்லை. எழுதுவாய் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. தபால்காரர் மட்டும் தினமும் ஜன்னலைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போகிறார்.

'நீ சொல்' என்று எழுதியதே தப்பு என்று பிறகுதான் உறைத்தது. பாரத்தை மறுபடி உன் தலையில் வைத்திருக்கிறேன். ஆகவே நானே செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் போட்டேன். அவன் போட்ட மனுவைப் பற்றித் தெரியும் என்றேன். "அதெல்லாம் வக்கீல் எழுதறதுப்பா, அப்படித்தான் எழுதுவாங்க" என்றான்.

"கையெழுத்து யார் போட்டது?" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா, நீங்க இப்ப யார் பக்கம்?" என்று கேட்டான்.

"பக்கமெல்லாம் பாக்கலடா. நீ எனக்கு எழுதினதை நீ எழுதினதுன்னு சொல்லப்போறேன். அவ்வளவுதான்."

"நான் உங்க பிள்ளைப்பா."

"அதனாலதான் முதல்ல உன்கிட்ட சொல்றேன்" என்றேன். அவன் வைத்துவிட்டான். அதன்பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சின்ன வயசில் கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். இப்போது நான் குனிந்து பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறான்.

புது விளக்கு இதோடு வருகிறது. தண்டின் அடியில் துளை போட்ட தட்டை மாற்றவில்லை, பழைய துளைகளிலேயே உட்காரும். அவன் கடிதமும் உள்ளே தனி உறையில் இருக்கிறது. நகல் இல்லை, அவன் எழுதியதேதான். நீதிமன்றத்தில் கொடுத்தால், பதினெட்டாம் தேதி நான் வந்து இது என் மகன் கையெழுத்து என்று சொல்கிறேன். கொடுக்க விருப்பமில்லை என்றால் அதுவும் உன் இஷ்டம். அன்று உனக்குச் சேர வேண்டியது, நாலு வருஷம் தாமதமாக வருகிறது.

மாமா

*

செப்டம்பர் 27

மாமாவுக்கு,

நீதிமன்றத்தில் உங்களைப் பார்த்தேன். பேசலாம் என்று வெளியே வருவதற்குள் பேருந்து ஏறிவிட்டீர்கள். ஒருவகையில் நல்லது. அன்று பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தீர்ப்பு வந்துவிட்டது. சுண்டு என்னோடுதான். அவர் வருஷத்தில் விடுமுறைக்கு இரண்டு தடவை வந்து இங்கேயே பார்க்கலாம். கூண்டில் உங்களிடம், "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்று கேட்டார்களே. "சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லல. அப்புறம் சொல்ல வெக்கமா இருந்தது" என்றீர்கள். உங்கள் மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சுண்டுவின் தலையைத் தடவி, "நல்லா படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. இளைத்துப்போயிருந்தார்.

விளக்கைப் பூட்டி ஒரு மாதமாகிறது. மெதுவாகப் போனால் சிவந்து மங்குகிறது, வேகம் பிடித்தால் வெளுக்கிறது. அக்கரையில் காத்திருக்கும் சுண்டு, வெளிச்சத்தின் நிறத்தை வைத்தே "அம்மா இன்னிக்கு அவசரமா வர்றா" என்று கூட இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறாளாம். ஏரி அலுவலகத்து அதிகாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மோட்டாரோடவே வந்ததா?" என்றார். ஆமாம் என்றேன். குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தபின் நான் அந்த ஆறு மாதத்துக்குத் திரும்பிப் போனேன். ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். அந்த ஆறு மாதத்தில் நீங்கள் எங்கள் வீட்டில் மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை, புதுச் சட்டை வாங்கி அவருக்குப் பொருந்துமா என்று உங்கள் முதுகில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னால் தாண்ட முடியவில்லை, மாமா. நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னது பெரிய விஷயம், எனக்குத் தெரியும். பிள்ளையை இழந்து சொன்னீர்கள். ஆனாலும் இது அதற்குச் சரியாய்ப் போகவில்லை. இரண்டும் தனித்தனியாகவே கிடக்கின்றன.

ஆனால் 'அவ மேல ஒரு குறையும் இல்லப்பா' என்ற அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நாலு வருஷம் நான் என்னையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே பழுது என்று. இப்போது நிறுத்திவிட்டேன். ராத்திரி தூக்கம் வருகிறது.

விவாகரத்துக்கும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. "இனிமே அவர் உனக்கு உறவு கிடையாது, குழந்தைக்குத்தான் தாத்தா" என்றார் வழக்கறிஞர் அம்மா. சரி என்று தலையாட்டினேன். பட்டறைக்கு வந்து பேனாவை எடுத்தால் 'மாமாவுக்கு' என்றுதான் வருகிறது. வேறு எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

மாதாமாதம் முதல் சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். சுண்டு உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். மதியப் பேருந்தில் வந்தால் நாலரைக்குப் படகுத்துறையில் இறங்கலாம். நான் படகோடு நிற்கிறேன். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, ராத்திரி தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

வழியில் நான் பேசாமல் வந்தால் கோபமோ என்று நினைத்துக்கொள்வீர்கள். கோபம்தான். அதற்காக அடுத்த மாதம் வராமல் இருந்துவிடாதீர்கள்.

மருமகள்